ஷாவோலினில் மூன்று மாதம் தங்கிக் கற்கப் போகிறவருக்கு

திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26, பள்ளிக் காலத்திலிருந்தே சிலம்பம், இப்போது ஐடி வேலை. மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. அந்த மூன்று மாதமும் சீனாவில் ஷாவோலின் போய்த் தங்கிக் குங்ஃபூ கற்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். கோயிலுக்குள்ளேயே தங்க முடியுமா, எந்தப் பள்ளியில் சேரலாம், உடம்பை எப்படித் தயார் செய்வது, என்னென்ன எடுத்துப் போவது என்பவை அவருடைய கேள்விகள்.

கோயிலில் தங்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

ஷாவோலின் கோயில் ஹெனான் மாகாணத்தில், சோங்ஷான் மலைத்தொடரில் இருக்கிறது. அதிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் டெங்ஃபெங் என்ற ஊர். 'ஷாவோலினில் படித்தேன்' என்று சொல்கிற வெளிநாட்டவர்களில் பெரும்பாலானோர் படித்தது கோயிலில் அல்ல, டெங்ஃபெங்கிலும் அதைச் சுற்றியும் உள்ள தனியார் பள்ளிகளில்தான். கோயில் சார்பில் குறுகிய காலப் பயிற்சிகள் நடப்பதுண்டு. ஆனால் மூன்று மாதம் தங்க வேண்டும் என்றால் தனியார் பள்ளியை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். அங்கே படிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் சீனச் சிறுவர்கள். அம்மா அப்பா பெட்டி படுக்கையோடு கொண்டுவந்து விட்டுப்போன பிள்ளைகள், காலையில் பாடம், மாலையில் குங்ஃபூ என்று வளர்கிறார்கள். 1978இல் தொடங்கிய தாகோ பள்ளியில் மட்டும் 30,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வெள்ளை உடையில் தைச்சி என்ற மெதுவான சீனப் பயிற்சியைச் செய்து காட்டியவர்கள் அந்தப் பள்ளிப் பிள்ளைகள்தான்.

ஆகவே நீங்கள் போவது ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கு. மணி அடித்தால் எழ வேண்டும், வரிசையில் நின்று சாப்பாடு வாங்க வேண்டும், அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது. தியானம், மூங்கில் காடு, தாடி வைத்த குரு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இரண்டாவது வாரமே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். அடி தாங்காமல் போனவர்கள் குறைவு. சலிப்புத் தாங்காமல் போனவர்கள்தான் அதிகம். தினமும் அதே ஐந்து நிலை, அதே நான்கைந்து உதை, அதே மைதானம். இதற்கு மனத்தைத் தயார் செய்வதுதான் முதல் வேலை.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இணையதளத்துப் படங்களை நம்பாதீர்கள். குருவின் பெயருக்கு முன்னால் 'ஷி யான்' என்று இருப்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ஷி என்பது எல்லாச் சீனப் பௌத்தத் துறவிகளுக்கும் வருவது, யான் என்பது ஷாவோலின் மரபில் 34ஆம் தலைமுறைக்கான எழுத்து. அந்தத் தலைமுறையில் பெயர் வாங்கியவர்கள் ஏராளம், இன்னும் துறவியாக இருப்பவர்கள் கொஞ்சம், கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் அதிலும் கொஞ்சம். பள்ளிக்கு நேராக எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டவர் வகுப்பில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? தினமும் சொல்லித்தரப்போவது யார், தலைமை குருவா அல்லது இருபது வயது உதவியாளரா? (உதவியாளர் என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. பல இடங்களில் அவர்கள்தான் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். ஆனால் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.) அறையில் எத்தனை கட்டில், ஹீட்டர் உண்டா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும்? பாதியில் கிளம்பினால் பணம் திரும்புமா? மூன்று மாதப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்கிற இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். முதல் மாதம் மட்டும் கட்டிவிட்டு, பிடித்தால் நீட்டிக்கிறேன் என்று சொன்னால் நல்ல பள்ளிகள் ஒத்துக்கொள்ளும். சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் சேர்த்து மாதத்துக்கு ஏறத்தாழ 600 முதல் 1,000 டாலர் வரை கேட்பார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: விடுதியின் மாடிப்படி, வெளிவாசல், ஜன்னல் கம்பி. 2021 ஜூனில் இதே ஹெனானில், ஜெசெங் என்ற இடத்தில் இருந்த ஒரு தற்காப்புக் கலைப் பயிற்சி மையத்தில் இரவில் தீப்பிடித்து 18 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். போய்ச் சேர்ந்த முதல் நாள் இரவே, எந்த வழியாக வெளியே ஓடலாம் என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

விசா விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். எல் வகை எனப்படும் சுற்றுலா விசாவில் பொதுவாக ஒரு மாதம்தான் தங்க விடுவார்கள். அங்கே போய் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் இஷ்டம். மூன்று மாதத்துக்குப் பொருத்தமானது எக்ஸ் 2 என்ற குறுகிய காலப் படிப்பு விசா, 180 நாள் வரை செல்லும். அதற்குப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். வெளிநாட்டவரைச் சேர்க்கும் உரிமம் எல்லாப் பள்ளிகளுக்கும் கிடையாது. அதனால் பள்ளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே 'மூன்று மாதத்துக்கு எந்த விசாவுக்குக் கடிதம் தருவீர்கள்?' என்பதுதான். 'டூரிஸ்ட் விசாவில் வாங்க, இங்கே பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள். போய் இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீஸ் நிலையத்தில் தங்குமிடத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டலில் அவர்களே செய்துவிடுவார்கள், பள்ளியில் நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், விசா நீட்டிப்புக்குக் கேட்பார்கள்.

எப்போது போவது? ஏப்ரல் முதல் ஜூன் வரை அல்லது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஜனவரியில் டெங்ஃபெங்கில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். திருநெல்வேலி உடம்புக்கு விடிகாலை ஐந்தரை மணிக்கு அந்தக் குளிரில் ஓடுவது பயிற்சி அல்ல, தண்டனை. தசையும் சூடேறாது, இழுத்துக்கொள்ளும். சீனப் புத்தாண்டையொட்டிப் பள்ளிகள் காலியாகிவிடும், அந்த மாதத்துக்குப் பணம் கட்டுவது வீண். அக்டோபர் முதல் வாரம் அவர்களுக்குத் தேசிய விடுமுறை. அப்போது கோயில் பக்கம் போகவே போகாதீர்கள், நம் ஊர்த் தைப்பூசக் கூட்டம் தோற்றுவிடும்.

வழி: சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுப் போவது வழக்கம். 2025 அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோ நேரடி விமானமும் திரும்ப ஆரம்பித்தது. நீங்கள் போய்ச் சேர வேண்டிய பெருநகரம் ஜெங்ஜோ. குவாங்சோவிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஆறு மணி நேரம், ஷாங்காயிலிருந்து நான்கு. ஜெங்ஜோவிலிருந்து டெங்ஃபெங்குக்குப் பஸ் உண்டு. முதல் தடவை என்பதால் பள்ளி வண்டி அனுப்புமா என்று கேட்டுவிடுங்கள். ராத்திரி நேரத்தில் மொழி தெரியாமல் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டாம்.

சரி, உடம்புக்கு வருவோம்.

பல வருடம் சிலம்பம் ஆடியவருக்கு மணிக்கட்டும் தோளும் காலடியும் நன்றாகவே இருக்கும். பிரச்சினை வரப்போவது இடுப்பிலும் முழங்காலிலும் கெண்டைக்காலிலும். அங்கே எல்லாமே தாழ்ந்த நிலைகளின் மேல் கட்டியது. மாபு என்பது குதிரையேறி உட்கார்ந்த மாதிரியான நிலை. தொடை தரைக்கு இணையாக இறங்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், முழங்கால் உள்ளே சரியக் கூடாது. பூபு என்பது ஒரு காலில் முழுக்கக் குந்தி, மற்ற காலைப் பக்கவாட்டில் தரையோடு நீட்டுவது, இரண்டு பாதமும் முழுக்கத் தரையில் பதிய வேண்டும். சிலம்பக்காரர்கள் முதலில் திணறுவது இந்தப் பூபுவில்தான். நாம் முன்பாதத்தில் துள்ளிப் பழகியவர்கள், குதிகால் தானாகவே எழும்பிவிடும். அப்புறம் உதைகள். முழங்காலை மடக்காமல் காலை நெற்றிக்குக் கொண்டுவரும் நேருதை, உள்ளே சுற்றுவது, வெளியே சுற்றுவது, காலைக் கையால் படீரென்று அறைவது. மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இவற்றைச் செய்துகொண்டே போய், திரும்பி, மறுபடி.

ஒரு நாள் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறினாலும், விடிகாலை ஓட்டம், காலையில் இரண்டரை மூன்று மணி நேரம், பிற்பகலில் அதே அளவு, சில இடங்களில் இரவிலும் ஒரு மணி நேரம் என்று இருக்கும். வாரத்தில் ஐந்தரை அல்லது ஆறு நாள். ஒரு வகுப்பைத் தாங்குகிற உடம்பு இங்கே பலருக்கும் உண்டு. முந்தைய நாள் வலியோடு அடுத்த நாள் இரண்டு வகுப்பு செய்கிற உடம்புதான் வேண்டும். எனவே கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் மாதம் நடை, மெதுவான ஓட்டம், தினமும் குந்தி உட்காருவது. (நம் ஊர்க் கழிப்பறைப் பழக்கம் இருந்தால் நீங்கள் வெள்ளைக்காரர்களைவிட ஏற்கெனவே ஒரு படி மேலே.) இரண்டாவது மாதம் மாபு. முப்பது வினாடியில் ஆரம்பித்து இரண்டு நிமிடம் வரை கொண்டுபோங்கள். கால் மடங்காமல் உள்ளங்கை தரையைத் தொடும் அளவுக்கு நீட்டல் பயிற்சி. மூன்றாவது மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு வேளைப் பயிற்சி செய்து பாருங்கள். கூடவே மாடிப்படி ஏறி இறங்குங்கள், முக்கியமாக இறங்குவது.

அதற்குக் காரணம் உண்டு. கோயிலுக்குப் பின்னாலுள்ள மலையில் போதிதர்மர் தவம் செய்ததாகச் சொல்லும் குகை இருக்கிறது. பல பள்ளிகள் வாரத்தில் ஒரு நாள் அந்தப் படிக்கட்டில்தான் பயிற்சி வைக்கும். ஏறுவது ஓட்டமாக, தவளைத் தாவலாக. இறங்குவது சில சமயம் தலைகீழாக, கையை முன்னால் ஊன்றி நாலு காலில். பக்கத்தில் எட்டு வயதுப் பையன் சிரித்துக்கொண்டே தடதடவென்று இறங்கிப் போவான். நீங்கள் ஒவ்வொரு படியாகக் கையை வைக்கும்போது தோள்பட்டை நடுங்கும், மூக்குக்கு நேரே கருங்கல் தெரியும், உள்ளங்கையில் மணல் குத்தும். அடுத்த நாள் தொடையின் முன்பகுதி கழிப்பறையில் உட்காரக்கூட விடாது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், முதல் தடவை பாதி தூரம் போதும் என்று குருவிடம் சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத உடம்பில் முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கான குந்தல், தாவல் என்று போட்டால் தசைநார்கள் சிதைந்து அந்தக் கழிவு ரத்தத்தில் கலக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாதாரண உடல்வலிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தசை வீங்கி, வலி குறையாமல், சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். தாங்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போகிற விஷயம் அல்ல. தண்ணீர் நிறையக் குடியுங்கள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடர்வது அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

இன்னொரு ஆபத்து, நீட்டல் பயிற்சியில் அடுத்தவர் மேலே ஏறி அழுத்துவது. சிறுவர்களை அப்படித்தான் பழக்குகிறார்கள். 26 வயதில் தொடைப் பின்தசை கிழிந்தால் உங்கள் மூன்று மாதமும் போச்சு. 'தெங்' என்றால் வலிக்கிறது, 'பூ ஷிங்' என்றால் முடியாது. இந்த இரண்டையும் விமானத்திலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்களையும் கற்றுக்கொண்டு போனால் வகுப்பில் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கம்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஷாவோலினின் பழைய புகழ் கைச்சண்டையால் வந்தது அல்ல, கம்பால் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரை எதிர்க்கப் போன துறவிகள் கம்போடுதான் போனார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யோ என்பவர் பத்து வருடத்துக்கு மேல் கோயிலில் கற்றதை எழுதிவைத்தார், அதுவும் கம்பு வித்தைதான். அதனால் மூன்று மாதத்தில் நிறையப் பாடங்களைச் சேகரிக்க ஆசைப்படாமல், அடிப்படை, சியாவோ ஹோங் சுவான் என்ற முதல் கைப்பாடம், ஒரு கம்புப் பாடம் என்று நிறுத்திக்கொள்வது உங்களுக்கு ஏற்றது. அவர்கள் கம்பு வெண்மெழுகு மரம், ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து, புருவ உயரத்தில் இருக்கும், வில்லாக வளையும். நம் சிலம்பத்தில் சுழற்சி பிரதானம். அங்கே குத்தும் மேலிருந்து அறைவதும் பிரதானம், ஈட்டியின் சாயல் அதிகம். முதல் வாரத்தில் உங்கள் வீச்சைக் காட்டி எல்லோரையும் அசத்தத் தோன்றும். பொறுங்கள். 'இவனுக்குத் தெரியும்' என்று முடிவு கட்டிவிட்டால் அடிப்படையைத் திருத்த மாட்டார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களே கேட்பார்கள், அப்போது ஆடிக் காட்டுங்கள்.

அதே மாதிரி இன்னொரு பேச்சையும் பெட்டியில் பூட்டி வையுங்கள்: 'குங்ஃபூவை உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே எங்கள் காஞ்சிபுரத்துக்காரர்' என்பது. கோயில் 495இல் கட்டப்பட்டது ஒரு இந்தியத் துறவிக்காகத்தான், ஆனால் அவர் பாதுவோ, போதிதர்மர் அல்ல. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, அது அவரைப் பாரசீகர் என்கிறது. அதற்கடுத்த குறிப்பு தென்னிந்திய அரசரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி என்பது பின்னால் வளர்ந்த மரபு. அவர் சண்டைக் கலை கற்பித்தார் என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே உள்ள குருமார்கள் போதிதர்மரை மிகுந்த மரியாதையோடு 'தாமோ' என்று சொல்வார்கள், நீங்கள் தென்னிந்தியா என்றதும் முகம் மலரும். அந்த அன்பு போதும், உரிமை கொண்டாட வேண்டியதில்லை. கோயிலுக்குப் போகும்போது ஆயிரம் புத்தர் மண்டபத்தின் தரையைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் காலை ஓங்கி மிதித்துப் பழகியதில் உண்டானவை என்று 48 பள்ளங்களைக் காட்டுவார்கள். சலிப்பு வரும் நாளில் அதை நினைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு. ஹெனான் கோதுமை நாடு. மந்தோ என்ற உப்பில்லாத ஆவியில் வெந்த ரொட்டி, நூடுல்ஸ், காலையில் நீர்த்த கஞ்சி. தினமும் சோறு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். சைவத்துக்குத் தோஃபு, தக்காளி முட்டை, கத்திரிக்காய், முட்டைக்கோஸ் என்று ஓடும். ஆனால் பொது சமையலறையில் பன்றிக் கொழுப்பிலோ, இறைச்சி வெந்த அதே வாணலியிலோ காய் வதங்குவது சகஜம். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் சேருவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள், போய்ப் புலம்பிப் பயனில்லை. அவ்வளவு பயிற்சிக்கு இரண்டு முட்டை போதாது, கூடுதல் முட்டையும் வேர்க்கடலையும் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் கொஞ்சம் எடுத்துப் போகலாம். பால் பொருள், இறைச்சி, பழம் ஆகியவற்றைச் சீனச் சுங்கத்தில் விட மாட்டார்கள், எனவே அம்மா கட்டிக்கொடுக்கும் நெய்யை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், எங்கும் வெந்நீர் கிடைக்கும், ஒரு ஃபிளாஸ்க் இருந்தால் போதும்.

பெட்டியில் துணி குறைவாக இருக்கட்டும். பயிற்சி உடை, ஃபெய்யுவே என்ற துணிக் காலணி எல்லாம் அங்கேயே மலிவு. ஆனால் உங்கள் பாதம் 11ஆம் அளவுக்கு மேல் என்றால் இங்கிருந்தே இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். காலுறை நிறைய, பிளாஸ்திரி, கொப்புளத்துக்கு மருந்து, ஓஆர்எஸ் பொட்டலம், நகவெட்டி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளோடு டாக்டர் சீட்டு. கழிப்பறையில் தண்ணீர்க் குவளை இருக்காது. சின்னப் பிளாஸ்டிக் மக் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் என்னை வாழ்த்துவீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள், டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளையும் டாக்டரிடம் பேசிவிடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பல பாலிசிகள் தற்காப்புக் கலைப் பயிற்சியில் வரும் காயத்துக்குப் பணம் தராது. சான்டா என்ற சண்டை வகுப்பிலும் சேரப்போகிறீர்கள் என்றால் இது ரொம்ப முக்கியம்.

போன் விஷயம் தனி. அங்கே கூகுள், வாட்ஸாப், யூடியூப் எதுவும் உள்ளூர் வைஃபையில் வராது. இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டால் வரும், ஏனென்றால் அந்த டேட்டா நம் நிறுவனத்தின் வழியாகவே போகிறது. தினமும் அதற்குச் செலவு செய்ய முடியாது என்றால் வீட்டாரையும் வீசாட் என்ற சீனச் செயலியில் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடையில் பணத்தாளை நீட்டினால் சில்லறைக்குத் தேடுவார்கள், போனிலேயே பணம் கட்டும் அலிபேயும் வீசாட்டும்தான் எல்லாம். ரூபே கார்டை நம்பிப் போகாதீர்கள், விசா அல்லது மாஸ்டர்கார்டை வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்து, ஊரிலேயே அலிபேயில் இணைத்து, பாஸ்போர்ட்டையும் சரிபார்த்து முடித்துவிடுங்கள். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், ஆகவே எஸ்எம்எஸ் வருமளவுக்காவது அந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும். சில இந்திய கார்டுகளை அது ஏற்காது, ஒரு மாதச் செலவுக்கான யுவானைக் கையில் வைத்திருங்கள்.

விமான டிக்கெட்டைக் கடைசியாக எடுங்கள். முதலில் மூன்று பள்ளிகளுக்கு மேலே சொன்ன கேள்விகளை அனுப்பி, விசாக் கடிதம் பற்றித் தெளிவான பதில் தருகிற பள்ளியைப் பிடியுங்கள். அந்தப் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம், நடையையும் குந்தி உட்காருவதையும் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.